கணிப்பொறி எந்தப் படியில் நின்றது?

பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டக் கட்டுரை முழுவதும் உங்கள் கணிப்பொறியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு வேலை முடிந்ததும், 'புதிய பதிப்புகள் வந்துள்ளன, நிறுவலாமா?' என்று லினக்ஸ் கேட்டது. நீங்களும் சரி என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனீர்கள். காலையில் பொத்தானை அழுத்தினால் வழக்கமான வண்ணத்திரை வரவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள். கடைசி வரியில் 'கெர்னல் பேனிக்' என்று ஏதோ எழுதியிருக்கிறது. அதற்கு மேல் எந்த அசைவும் இல்லை. கட்டுரையை நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

இந்த நேரத்தில் அறிவுரை கூறப் பலர் வருவார்கள். 'வட்டு போய்விட்டது' என்பார் ஒருவர். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம், அரை மணி நேர வேலை' என்பார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னபடி செய்தால் கணிப்பொறி மறுபடியும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கட்டுரை போனது போனதுதான். இத்தகைய கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் உங்கள் கட்டுரை வட்டில் ஓர் எழுத்தும் கெடாமல் இருக்கிறது. அதனிடம் போய்ச் சேரும் வழியில் ஒரு படி உடைந்திருக்கிறது, அவ்வளவே. உடைந்த படி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருவிழாக் காலத்தில் தெருவில் சீரியல் செட் விளக்குகள் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தொடர்சுற்று என்று பாடத்தில் படித்தது இதுதான். ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். போன பல்பு எது என்று பார்வைக்குத் தெரியாது. அனுபவமுள்ள மின்பணியாளர் எல்லாப் பல்புகளையும் கழற்றிப் போடுவதில்லை. மின்சாரம் வரும் முனையிலிருந்து டெஸ்டரை ஒவ்வோர் இணைப்பாக வைத்துக்கொண்டு போவார். டெஸ்டர் எரிகிறது, எரிகிறது, எரிகிறது, ஓரிடத்தில் எரியவில்லை. எரிந்த கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் நடுவேதான் குற்றவாளி இருக்கிறான். கணிப்பொறி விழித்தெழுவதும் ஒரு தொடர்சுற்றைப் போன்றதே. ஆனால் இங்கே நமக்கு ஒரு சலுகை உண்டு. ஒவ்வொரு படியும் தான் வேலை செய்ததற்கான அடையாளத்தைத் திரையிலேயே விட்டுச் செல்கிறது. அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால் டெஸ்டர் தேவையில்லை. ஆகவே படிகளை முதலில் தெரிந்துகொள்வோம்.

வாரைப் பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் வித்தை

கணிப்பொறியின் மூளையாகிய புராசஸர், நினைவகத்தில் உள்ள கட்டளைகளை மட்டுமே நிறைவேற்றும். ஆனால் பொத்தானை அழுத்தும் நொடியில் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. ஏன்? அதில் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய ஒரு மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ 64 மில்லி நொடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கும். மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். லினக்ஸோ விண்டோஸோ, அது வட்டில் உறங்குகிறது. அதை வட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் நினைவகத்தில் இருந்தால்தானே ஓடும்? அதை யார் கொண்டுவருவது?

பழைய பூட்ஸ் காலணிகளின் பின்புறம் இழுத்து மாட்டுவதற்கு ஒரு வார் இருக்கும். 'தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது' என்பது ஆங்கிலத்தில் நடக்காத காரியத்தைக் குறிக்கும் தொடர். நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த உங்களுக்கு அது ஏன் நடக்காது என்று சொல்ல வேண்டியதில்லை. கணிப்பொறியைத் தொடக்குவதற்கு 'பூட்' செய்வது என்று பெயர் வந்தது இந்தத் தொடரிலிருந்துதான்.

கணிப்பொறி இதில் வெற்றி பெறக் காரணம், முதல் நிரல் மட்டும் வட்டில் இல்லாமல், மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சில்லில் பதிக்கப்பட்டிருப்பதுதான். நம் வீடுகளில் உள்ள இன்டெல், ஏ.எம்.டி. வகைப் புராசஸர்கள் விழித்தவுடன் 4,29,49,67,280 என்ற முகவரியில் உள்ள கட்டளையை எடுக்கும். 400 கோடிபைட்டுச் சொச்சமாகிய 4 ஜிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள இடம் அது. அங்கே அந்தச் சில்லின் நிரல் காத்திருக்கும். பழைய பொறிகளில் இதன் பெயர் பயாஸ். இப்போதைய பொறிகளில் யூ.இ.எஃப்.ஐ.

1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. வழி வந்த பயாஸுக்கு வட்டைப் பற்றி அதிகம் தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து நினைவகத்தில் வைத்துவிட்டு, 'இனி உன் பாடு' என்று விலகிக்கொள்ளும். அந்த 512-இல் 64 பைட் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்குப் போய்விடும். கடைசி 2 பைட் முத்திரை. மிச்சம் 446 பைட். கணிப்பொறியில் தமிழ் எழுத்துக்குறி ஒன்று பொதுவாக 3 பைட் பிடிக்கும் என்பதால், இந்த இடத்தில் 148 குறிகள்தான் எழுதலாம். ஓர் அஞ்சலட்டைக்குக் கூடக் காணாது! இவ்வளவு சிறிய நிரலால் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற முடியாது. அது தன்னைவிடப் பெரிய இன்னொரு நிரலை எழுப்பும். இப்படி ஒன்று இன்னொன்றை எழுப்பும் நிரல்களுக்குத்தான் பூட் லோடர் என்று பெயர். யூ.இ.எஃப்.ஐ. சற்றுப் படித்தது. வட்டில் தனக்கென ஒதுக்கிய சிறு பிரிவிலுள்ள கோப்புகளைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கும் திறமை அதற்கு உண்டு.

நான்கு எழுத்துகள் சொன்ன நோய்

லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-இல் லினக்ஸை வெளியிட்ட பிறகு, பல ஆண்டுகள் வரை அதைத் தொடக்கி வைத்த பூட் லோடரின் பெயர் லிலோ. எழுதியவர் வெர்னர் அல்மெஸ்பெர்கர். இன்று அது வழக்கொழிந்துவிட்டது என்றாலும், எனக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு. காரணம், நோயைக் காட்டும் விதம். எழும்போது அது தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் எழுதும். முதற்படி ஏறியதும் 'எல்'. இரண்டாம் படியை நினைவகத்துக்குக் கொண்டுவந்ததும் 'ஐ'. இரண்டாம் படி உயிர் பெற்று ஓடத் தொடங்கியதும் மீண்டும் 'எல்'. தேவையான அட்டவணைகள் சரியாக வந்து சேர்ந்ததும் 'ஓ'. நான்கும் வந்தால் நலம். 'எல், ஐ' என்று இரண்டெழுத்தோடு நின்றால், இரண்டாம் படி வந்தும் ஓடவில்லை என்று பொருள்.

லிலோவுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. வட்டிலுள்ள கோப்புகளைப் பெயரால் தேட அதற்குத் தெரியாது. லினக்ஸின் கெர்னல் வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற எண்களை மட்டும் குறித்து வைத்திருக்கும். புதிய கெர்னலை நிறுவிவிட்டு, லிலோவை மறுபடி ஓட்டிக் குறிப்பை மாற்ற மறந்தால், அது பழைய எண்களைத் தேடிப் போகும். வீடு மாறியவரின் பழைய முகவரிக்குத் தந்தி கொடுத்த கதைதான்.

இப்போது பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் இருப்பது க்ரப். எரிக் போலின் 1995-இல் எழுதத் தொடங்கியது, 1999-இல் க்னூ திட்டத்தில் சேர்ந்தது. 'கிராண்ட் யூனிஃபைட் பூட்லோடர்' என்பதன் சுருக்கம் இது. விசைகளை ஒன்றாக்கும் 'கிராண்ட் யூனிஃபைட் தியரி' பற்றிப் பின்னால் இயற்பியலில் படிக்கும்போது இந்தப் பெயர் உங்களுக்கு நினைவு வரலாம். க்ரப்புக்குக் கோப்புகளைப் பெயரால் தேடத் தெரியும். ஒரே பொறியில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தால் பட்டியல் காட்டி, எது வேண்டும் என்றும் கேட்கும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் கொடுத்த பொறிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தது. உங்கள் அண்ணனோ அக்காவோ அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

பருப்பும் கட்டுச்சோறும்

கெர்னல் என்ற சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உட்கரு அது. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டோடும் திரையோடும் பேசுவது எல்லாம் அதன் பொறுப்பு. க்ரப் கெர்னலை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இங்கே ஒரு புதுச் சிக்கல். வட்டோடு பேசக் கெர்னலுக்கு அந்த வட்டுக்கான டிரைவர் என்னும் துணைநிரல் வேண்டும். டிரைவர் எங்கே இருக்கிறது? வட்டில்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதைப் போல.

இதற்கு லினக்ஸ் கண்ட வழி நம் பாட்டிமார் கண்ட வழிதான். தொலைதூரப் பயணம் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டித் தருவதில்லையா? அதைப் போல வீடு போய்ச் சேரும்வரை தேவைப்படும் டிரைவர்களையும் சில்லறைக் கருவிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, க்ரப்பிடம் கொடுத்து, கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். மூட்டையின் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். வாய்க்குள் நுழையாத பெயர். நாம் கட்டுச்சோறு என்றே சொல்வோம். கெர்னல் மூட்டையை அவிழ்த்து, வட்டுக்கான டிரைவரை எடுத்து, வட்டைத் திறந்து, உண்மையான கோப்புகள் இருக்கும் பிரிவுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் பிறகுதான் உங்களுக்குப் பழக்கமான திரை வருகிறது.

கெர்னல் அப்டேட் என்பது என்ன என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். வட்டில் 'பூட்' என்ற கோப்புறையில் ஒரு புதிய கெர்னல் வந்து அமர்கிறது. அதற்குரிய துணைநிரல்கள் இன்னொரு கோப்புறையில் சேர்கின்றன. அவற்றிலிருந்து புதிய கட்டுச்சோறு உங்கள் பொறியிலேயே கட்டப்படுகிறது. கடைசியில் க்ரப்பின் பட்டியல் திருத்தி எழுதப்படுகிறது. கெர்னல், துணைநிரல், கட்டுச்சோறு மூன்றும் ஒரே பதிப்பு எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையில் 6.1.0-18 என்றால் மூன்றும் 6.1.0-18, 6.1.0-21 என்றால் மூன்றும் 6.1.0-21. ஒன்றுக்குக் கட்டிய சோறு மற்றதற்கு ஆகாது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. புதிய கெர்னல் வந்த உடனே ஓடத் தொடங்குவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னல் நினைவகத்தில் அப்படியே இருக்கும். பொறியை அணைத்துப் போடும்போதுதான் புதியதன் முறை வரும். எனவே அப்டேட்டில் நேர்ந்த குறை அன்றைக்கே தெரியாது. மாதக்கணக்கில் அணைக்காத ஒரு பொறியில், எப்போதோ செய்த அப்டேட்டின் குறை, மின்வெட்டு வந்த நாளில் வெளிப்படும். 'நேற்று நான் எதையுமே தொடவில்லையே!' என்று சொல்பவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

அடைப்புக்குறிக்குள் இரண்டு பூச்சியம்

இனி உங்கள் கருப்புத் திரைக்கு வருவோம். கெர்னல் பேனிக் என்பதற்குக் கெர்னல் கலங்கிப்போனது என்று பொருள். பயமுறுத்தும் சொல். ஆனால் நோயாளி பேசுகிறார் என்பதே நல்ல செய்தி! பயாஸ் வேலை செய்தது, க்ரப் வேலை செய்தது, கெர்னல் நினைவகத்துக்கு வந்து ஓடவும் தொடங்கிவிட்டது. அதனால்தான் அதனால் கலங்க முடிந்தது. மூன்று படிகள் கடந்தாயிற்று. வாசகத்தை மேலும் படித்தால், 'ரூட் பிரிவைத் திறக்க முடியவில்லை' என்று இருக்கும். அதன் பின்னால் 'அன்நோன்-பிளாக்' என்ற சொல்லும் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களும் இருக்கும். அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கெர்னல் ஒவ்வொரு வட்டுப் பிரிவையும் இரண்டு எண்களால் அழைக்கிறது. முதல் எண் எந்த வகைக் கருவி என்பது, இரண்டாவது அந்த வகையில் எத்தனையாவது என்பது. சாட்டா வட்டுகளுக்கு முதல் எண் 8. ஆகவே 8,2 என்று இருந்தால் கெர்னல் வட்டைக் கண்டுவிட்டது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கத் தெரியவில்லை. 0,0 என்று இருந்தால்? அதற்கு வட்டே கண்ணில் படவில்லை. வட்டு உடைந்துவிட்டதா? இல்லை. க்ரப் சற்று முன்புதான் அதே வட்டிலிருந்து கெர்னலை எடுத்து வந்திருக்கிறது! ஆக, வட்டு இருக்கிறது, டிரைவர் இல்லை. டிரைவர் இருக்க வேண்டிய இடம் கட்டுச்சோறு. எனவே கட்டுச்சோறு வரவில்லை, அல்லது பாதியில் அறுந்த மூட்டை வந்திருக்கிறது. இரண்டு பூச்சியங்களிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள்.

மூட்டை ஏன் பாதியில் அறுந்தது? இதற்கு அடிக்கடி காணும் காரணம் மிகச் சாதாரணமானது: இடமின்மை. பல பொறிகளில் 'பூட்' கோப்புறைக்கென்று தனியாகச் சிறிய பிரிவு ஒதுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒரு கெர்னலும் ஒரு மூட்டையும் சேரும். மூட்டை ஒவ்வொன்றும் பல பத்து மெகாபைட் இருக்கும். பழையவற்றை நீக்காமல் விட்டால் ஒருநாள் பிரிவு நிரம்பிவிடும். அன்று எழுதத் தொடங்கிய மூட்டை நடுவில் நின்றுபோகும். வட்டின் மற்றப் பிரிவில் எத்தனையோ ஜிகாபைட் காலியாக இருந்தாலும் பயனில்லை. முன்னறையில் இடமில்லாதபோது கொல்லைப்புறம் விசாலமாக இருந்து என்ன?

மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. லினக்ஸ் வகைகள் பழைய கெர்னல்களில் ஒன்றையேனும் அதன் மூட்டையோடு விட்டு வைத்திருக்கும். பொறியை அணைத்து மறுபடி போடுங்கள். க்ரப் பட்டியல் தானாக வராவிட்டால், யூ.இ.எஃப்.ஐ. பொறிகளில் எஸ்கேப் விசையையும், பழைய பயாஸ் பொறிகளில் ஷிஃப்ட் விசையையும் பயன்படுத்தி வரவழைக்கலாம். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் பதிப்பு எண்கள் வரிசையாக நிற்கும். மேலே இருப்பது புதியது. அதை விட்டு அடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். முந்தாநாள் வரை ஓடிய அதே கெர்னல் இது. கட்டுரை கண்முன் வந்துவிடும். முதல் வேலையாக அதை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள்.

பிறகு பழுதுபார்க்கலாம். கட்டளைகளை இங்கே தமிழெழுத்தில் சொல்கிறேன், விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். 'யூநேம் -ஆர்' என்றால் இப்போது ஓடும் கெர்னலின் எண் தெரியும். 'டி.எஃப். -எச்' என்றால் ஒவ்வொரு பிரிவும் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். பூட் பிரிவுக்கு எதிரே 100 என்று இருந்தால் நம் ஊகம் சரி. டெபியன், உபுண்டு வகைகளில் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்ற கட்டளை, தேவையற்ற பழைய கெர்னல்களை முறைப்படி நீக்கும். கோப்புகளைக் கையால் அழிக்கப் போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே அழித்தால், ஏறி நிற்கும் கிளையை வெட்டியது போலாகும். இடம் கிடைத்ததும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையால் புதிய கெர்னலுக்கு மூட்டையை மறுபடி கட்டி, 'அப்டேட்-க்ரப்' கட்டளையால் பட்டியலைத் திருத்தினால் வேலை முடிந்தது. ஃபெடோரா போன்ற வகைகளில் மூட்டை கட்டும் கருவியின் பெயர் டிராகட். பள்ளிக் கணிப்பொறியாக இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வேறிடங்களில் நின்றால்

எல்லாப் பொறிகளும் இதே படியில் நிற்பதில்லை. 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற சொல்லோடு கர்சர் மின்னிக்கொண்டிருந்தால், க்ரப்பின் முதற்பகுதி எழுந்துவிட்டது, தன் மிச்சப் பகுதி எங்கே என்று தெரியாமல் தவிக்கிறது. வட்டின் பிரிவுகளை யாரேனும் அழித்தோ மாற்றியோ அமைத்திருந்தால் இப்படி ஆகும். இந்த நிலையிலும் அதற்கு நாலைந்து கட்டளைகள் தெரியும். 'எல்.எஸ்.' என்றால் வட்டுகளையும் பிரிவுகளையும் அடுக்கிக் காட்டும். அவற்றுள் க்ரப் கோப்புறை எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, 'செட்' கட்டளையால் அந்த முகவரியைச் சொல்லிக் கொடுத்தால் எழுந்து நடக்கும். ஒரு வேடிக்கை: க்ரப் வட்டுகளைப் பூச்சியத்திலிருந்தும், பிரிவுகளை ஒன்றிலிருந்தும் எண்ணும். முதல் வட்டின் முதல் பிரிவுக்குப் பெயர் பூச்சியம், ஒன்று! இதன் பழைய பதிப்பு இரண்டையுமே பூச்சியத்திலிருந்து எண்ணியது.

'ரெஸ்க்யூ' என்ற சொல் இல்லாமல் 'க்ரப்' என்று மட்டும் இருந்தால் நிலைமை சற்று மேல். க்ரப் முழுதாக எழுந்துவிட்டது, பட்டியல்தான் காணோம். அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டி நின்றால் கட்டுச்சோறு வந்து சேர்ந்து அவிழ்க்கவும் பட்டிருக்கிறது, போக வேண்டிய வீட்டின் முகவரி பொருந்தவில்லை அல்லது வீட்டுக் கதவில் பழுது. எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்து, கடைசியில் திரை மட்டும் இருண்டால், அது பூட் லோடர் நோயே அல்ல. புதிய கெர்னலுக்கேற்ற திரை டிரைவர் அமையவில்லை. என்விடியா அட்டை உள்ளவர்களுக்கு இந்த அனுபவம் அதிகம்.

மருந்தே நோயான கதை

கடைசியாக மாற்றியது கெர்னலைத்தானே, ஆகவே கெர்னல்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவது மனித இயல்பு. அது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு 2020-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல சான்று.

புதிய பொறிகளில் செக்யூர் பூட் என்ற காவல் முறை உண்டு. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதை எழுப்பும். யூ.இ.எஃப்.ஐ. நேராகக் க்ரப்பை எழுப்புவதில்லை. நடுவில் ஷிம் என்ற சிறு நிரல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம்மை யூ.இ.எஃப்.ஐ. நம்பும், ஷிம் சரிபார்த்துச் சொல்வதைக் கொண்டு க்ரப்பும் கெர்னலும் எழும். 2020 ஜூலை 29 அன்று எக்லிப்சியம் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், க்ரப்பில் ஓர் ஓட்டை இருப்பதை வெளியிட்டது. அமைப்புக் கோப்பில் அளவுக்கு மீறி நீண்ட ஒரு சொல்லை வைத்தால், அது ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, காவலையே ஏமாற்றிவிடும். அதற்கு பூட்ஹோல் என்று பெயரிட்டார்கள். லினக்ஸ் நிறுவனங்கள் பலவும் உடனே மருந்து வெளியிட்டன. ரெட் ஹாட் நிறுவனம் க்ரப், ஷிம், கெர்னல் மூன்றுக்கும் சேர்த்துப் புதிய பதிப்புகள் தந்தது.

மருந்தை ஏற்றிய பொறிகள் பல, மறுபடி போட்டபோது எழவே இல்லை. நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், அதன் உடன்பிறப்பான சென்ட்ஓஎஸ் ஆகியவற்றில் இது நிகழ்ந்தது. கெர்னலும் அன்றே மாறியிருந்ததால் சந்தேகம் அதன் மேல் விழுவது இயற்கை. ஆனால் அடையாளத்தைப் பாருங்கள். பயாஸ் சோதனை முடிந்ததும் பொறி நின்றுவிட்டது. க்ரப்பின் பட்டியலே வரவில்லை. பட்டியல் வராதபோது கெர்னலுக்கு அழைப்பே போகவில்லை! அழைக்காத விருந்தாளி பந்தியில் எதைக் கொட்டியிருக்க முடியும்? யூ.இ.எஃப்.ஐ.க்கும் பட்டியலுக்கும் நடுவே இருப்பவை ஷிம்மும் க்ரப்பும்தான். குறை ஷிம்மில் இருந்தது. பட்டியலே வராததால் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் வழியும் அடைபட்டுப்போனது. வெளியிலிருந்து பொறியைத் தொடக்கி, ஷிம்மையும் க்ரப்பையும் முந்தைய பதிப்புக்குத் திருப்ப வேண்டியிருந்தது. சில நாட்களில் திருத்திய ஷிம் வெளிவந்தது.

2024 ஆகஸ்ட் 13 அன்று இதற்குத் தம்பி ஒன்று பிறந்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பொறிகள் சிலவற்றில், விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. லினக்ஸ் எழ மறுத்தது. லினக்ஸ் பக்கம் யாரும் எதையும் மாற்றவில்லை. திரையில் வந்த வாசகம் மட்டும் ஷிம்மின் சுயசோதனை தோற்றது என்று தெளிவாகவே சொன்னது. இத்தகைய நிலையில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பதுண்டு. விண்டோஸ் பகுதி பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அது மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அதில் இறங்க வேண்டும்.

கூடு விட்டுக் கூடு பாய்தல்

வெளியிலிருந்து தொடக்குவது என்றேன். விக்கிரமாதித்தன் கதையில் அரசன் தன் உடலை விட்டு வேறோர் உடலுக்குள் புகுவான் அல்லவா? லினக்ஸில் அது அன்றாட வேலை. ஒரு பென்டிரைவில் முழு லினக்ஸையும் பதித்து, அதிலிருந்து பொறியைத் தொடக்கலாம். உள்வட்டை அது தொடுவதில்லை. பிறகு உள்வட்டின் பிரிவை, பென்டிரைவ் லினக்ஸில் 'எம்என்டி' என்ற காலிக் கோப்புறையில் பொருத்த வேண்டும். பூட் பிரிவு தனியாக இருந்தால் அதையும், யூ.இ.எஃப்.ஐ. பிரிவையும் அவற்றின் இடங்களில் பொருத்த வேண்டும். ஓடும் கெர்னலின் கண்ணும் காதுமாகிய மூன்று கோப்புறைகளை உள்ளே இணைத்துவிட்டு 'சிஎச்ரூட்' என்று கட்டளையிட்டால், உயிர் பென்டிரைவினுடையது, உடல் உங்கள் வட்டினுடையது! உள்ளே நின்றபடி மூட்டை கட்டலாம், க்ரப்பை மறுபடி நிறுவலாம், பதிப்பைப் பின்னுக்குத் திருப்பலாம். இவற்றையெல்லாம் செய்யத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. வட்டின் பிரிவைப் பொருத்தும் முதற்படியிலேயே உங்கள் கட்டுரை அதன் கோப்புறையில் தெரிந்துவிடும். அதைப் பிரதி எடுத்த பிறகு, 'புதிதாகப் போட்டுவிடலாம்' என்று சொன்னவரைத் தாராளமாகக் கூப்பிடலாம்.

நன்றாக ஓடும் ஒரு லினக்ஸ் பொறி வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால் இதைச் செய்து பாருங்கள். 'யூநேம் -ஆர்' தரும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பூட் கோப்புறையைத் திறந்து, அங்கே எத்தனை கெர்னல்கள், எத்தனை கட்டுச்சோற்று மூட்டைகள் இருக்கின்றன, அவற்றின் எண்கள் பொருந்துகின்றனவா, ஒவ்வொன்றும் எத்தனை மெகாபைட் என்று எழுதுங்கள். பூட் பிரிவு தனியாக இருந்தால் அதில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். இன்னும் எத்தனை அப்டேட்டுகளுக்கு இடம் போதும் என்பது ஒரு வகுத்தல் கணக்கு.